எண்ணும் எழுத்தும்: வகுப்பறைக்குள்ளிருந்து ஒரு மதிப்புரை

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளின் எண்ணும் எழுத்தும் திட்டத்துக்கு ஐந்துக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டால், பிள்ளைகள் பக்கம் நாலரை, ஆசிரியர் பக்கம் இரண்டரை என்பேன். சராசரி பார்த்தால் மூன்றரை. ஆனால் சராசரி பார்க்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. ஆசிரியர் மனசில்லாமல் நடத்தும் ஆட்டத்தைப் பிள்ளைகள் எத்தனை நாள் ஆடுவார்கள்?

விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். ஈராசிரியர் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் ஒரே அறையில் என்னிடம். நான்கும் ஐந்தும் பக்கத்து அறையில் இளைய ஆசிரியை ஒருவரிடம். மூன்று வகுப்பையும் ஒரே நேரத்தில் பார்க்கிறவருக்கு இந்தத் திட்டம் எப்படி உதவுகிறது என்பதைத்தான் நான் சொல்ல முடியும். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருக்கிற பெரிய பள்ளியில் அனுபவம் வேறாக இருக்கும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொரோனாவில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளை ஒன்றாம் வகுப்பு அறையையே பார்த்திராத பிள்ளை. அந்த இழப்பை ஈடுகட்ட 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சர் இந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 2025-க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் புரிந்து வாசிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது அப்போது வைத்த இலக்கு. முதலில் மூன்றாம் வகுப்பு வரை இருந்தது. 2023-24-ல் நான்கு, ஐந்துக்கும் வந்தது. தமிழ், ஆங்கிலம், கணக்குக்கு ஆசிரியர் கையேடு, பிள்ளைகளுக்குப் பயிற்சி நூல், ஆசிரியர்களுக்குப் பயிற்சி. கையில் கிடைப்பது இவை.

என்னைப் போன்ற பழைய ஆசிரியர்கள் இதைச் செயல்வழிக் கற்றலோடு ஒப்பிடாமல் இருக்க முடியாது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில், அப்போது ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். தொடங்கியது அது. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் அட்டை முறையைப் பார்த்து உருவாக்கினார்கள். 2007-08-ல் மாநிலம் முழுக்க வந்தது. பிள்ளை உள்ளே வந்ததும் தன் வருகையைத் தானே பதிவு செய்யும். ஆரோக்கியச் சக்கரத்திலும் காலநிலை அட்டவணையிலும் தன் கையாலேயே குறிக்கும். பாட அட்டைகளை வரிசையாகக் காட்டும் ஏணிப்படியில் தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று பார்த்து, தட்டிலிருந்து தன் அட்டையை எடுத்துக்கொண்டு பாயில் போய் உட்காரும். "டீச்சர், நான் அடுத்தது போலாமா?" என்று பிள்ளை வந்து கேட்கும். எத்தனையோ வகுப்பறைகளை அதற்குப் பிறகு பார்த்துவிட்டேன், அந்தக் கேள்வியைப் போல எனக்குச் சந்தோஷம் கொடுத்தது வேறில்லை.

அதில் குறையும் இருந்தது. அட்டை கிழிந்தால் மாற்று அட்டை வந்து சேர நாளாகும். நடுவில் ஓர் அட்டை தொலைந்தால் ஏணியில் ஒரு படியே காணாமல் போகும். "புத்தகம் எங்கே, வீட்டுப்பாடம் எங்கே" என்று பெற்றோர் கேட்பார்கள். ஆசிரியருக்கும் அட்டையை எடுத்துக் கொடுத்து வாங்கி வைக்கிற வேலைதான் மிஞ்சுகிறதோ என்ற வருத்தம் பலருக்கு இருந்தது. அடுத்த அடியைப் பிள்ளை தீர்மானித்தது, ஆசிரியருக்குத் தீர்மானிக்க அதிகம் இல்லை.

எண்ணும் எழுத்தும் இதைத் தலைகீழாக்கியது. ஆசிரியர் திரும்பவும் அறையின் நடுவுக்கு வந்தார். பாடுகிறார், ஆடுகிறார், கதை சொல்கிறார், பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு பேசுகிறார். பாடல் களம், கதைக் களம், பொம்மலாட்டக் களம், படைப்புக் களம், படித்தல் களம் என்று அறையே பிரிந்து நிற்கிறது. முதல் வருடம் இதையெல்லாம் வேடிக்கை என்று நினைத்த சக ஆசிரியர்களை எனக்குத் தெரியும். எங்கள் பள்ளியில் அந்தப் பேச்சு அடங்கியதற்குக் காரணம் பொம்மலாட்டக் களம். கேள்வி கேட்டால் தரையையே பார்க்கிற ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் பொம்மை கேட்டால் பதில் சொல்கிறார்கள். பொம்மையைத் திருத்துவதற்கென்றே வாயைத் திறக்கிறார்கள். நான் பொம்மையை வைத்து ஏழும் மூன்றும் பதினொன்று என்று தப்பாகச் சொல்ல வைப்பேன், "இல்ல இல்ல, பத்து!" என்று மூன்று வகுப்பும் எழுந்து நிற்கும். சரியான விடையைச் சொல்ல இவ்வளவு ஆசையோடு எழுந்து நிற்கிற வகுப்பைக் கணக்குப் பாடத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பாடல்களில் எல்லாமே நல்லவை என்று சொல்ல மாட்டேன். சில பாடல்கள் எழுத்தைத் திணிப்பதற்காகவே கட்டியவை, வாயில் நிற்காது. பிள்ளைகள் அவற்றைப் பாடிவிட்டு அன்றே மறந்துவிடுகிறார்கள். நன்றாக இருக்கிற பாட்டை மதிய உணவு வரிசையிலும் பாடுகிறார்கள். எது தேறும் என்பதை அந்த வரிசையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

திட்டத்தில் ஆகச் சிறந்தது எது என்றால் வகுப்பைப் பார்க்காமல் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று படிப்படியாகப் பிரிக்கிற நிலைப் பிரிப்பைச் சொல்வேன். எங்கள் ஊர்ப் பக்கம் கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு போய்விடுகிற வீடுகள் உண்டு. அந்தப் பிள்ளை மாதக்கணக்கில் பள்ளிக்கு வராமல், வயதுக்கு மூன்றாம் வகுப்பில் வந்து உட்காரும். முன்பெல்லாம் அது மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு யாரும் தன்னைக் கேட்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கும். கொஞ்ச நாளில் வயிற்றுவலி என்று வீட்டிலேயே நின்றுவிடும். இப்போது அது அரும்பு நிலையில் இருந்து தொடங்கலாம். அதற்கென்று பயிற்சித் தாள் இருக்கிறது, செய்து முடிக்கக்கூடிய வேலை இருக்கிறது. முதல் வாரமே ஏதோ ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டு என்னிடம் காட்ட வருகிறது. பள்ளியில் தனக்கு ஓர் இடம் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தோன்றுவது அந்த நேரத்தில்தான்.

ஆனால் இதை அப்படியே விட்டால் வினையாகும். "நீ இன்னும் அரும்பாடா?" என்று மற்றப் பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கையேடு சொல்கிறபடி நிலைவாரியாக உட்கார வைத்தால் இது நடக்கும். இங்கேதான் செயல்வழிக் கற்றல் கைகொடுத்தது. அதில் சக மாணவர் உதவிக் குழு என்று ஒன்று உண்டு. அந்தப் பழக்கத்தை நாங்கள் விடவில்லை. எங்கள் அறையில் மலர் நிலைப் பிள்ளை அரும்புப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரும், நாளுக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்டும். கணக்கில் கெட்டி, வாசிப்பில் அரும்பு என்று ஒரு பையன் இருக்கிறான். ஆணிமணிச்சட்டத்தில் இடமதிப்பை மற்றவர்களுக்குச் சொல்லித் தருவது அவன்தான். அதற்குப் பிறகு அவனை யாரும் கேலி செய்து நான் கேட்டதில்லை.

கம்பிப் பந்தலையும் நாங்கள் விட்டுவிடவில்லை. செயல்வழிக் கற்றல் வந்தபோது அறைக்குக் குறுக்கே கட்டிய கம்பிகள் அவை. பிள்ளைகள் வரைந்ததையும் எழுதியதையும் தொங்கவிடுவோம். எண்ணும் எழுத்தும் வந்த பிறகு சார்ட் அட்டை, வண்ணத்தாள், ஸ்கெட்ச் பேனா என்று ஆசிரியர்கள் ராத்திரி உட்கார்ந்து வெட்டி ஒட்டிய டி.எல்.எம்-கள், அதாவது கற்பித்தல் துணைப் பொருள்கள், சுவரை நிறைத்தன. அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் எட்டாத உயரத்தில் ஒட்டிய அழகான அட்டையைவிட, பிள்ளை எடுத்துக் கலைத்து அடுக்குகிற புளியங்கொட்டையும் பாட்டில் மூடியும் மேல். அவற்றைக் கொண்டு வருவதே பிள்ளைகள் என்பதால் தொலைந்தால் தேடுவதும் அவர்களே.

இனி ஆசிரியர் பக்கம். கையேடு நாள்வாரியாக எல்லாம் சொல்லிவிடுகிறது. இன்று இந்தப் பாட்டு, இந்தக் கேள்வி, இந்தச் செயல்பாடு, பிறகு இந்தப் பக்கம். புதிதாகப் பணிக்கு வந்தவருக்கும், மூன்று வகுப்போடு தனியாக நிற்கிறவருக்கும் இது பெரிய துணை. பக்கத்து அறை ஆசிரியை வந்த புதிதில் கையேட்டைக் கீழே வைக்கவே மாட்டார், அதனால் அவருக்குத் தைரியம் வந்தது. ஆனால் தைரியம் வந்த பிறகும் கையேடு அதே வேகத்தில் இழுத்துக்கொண்டே போகிறது. நின்று யோசிக்க இடம் இல்லை.

ஒரு ஐப்பசி மழையில் எங்கள் ஏரி நிரம்பி வழிந்து கோடி போனது. மறுநாள் காலை பிள்ளைகள் வாயில் மீனைத் தவிர வேறு பேச்சில்லை. கெண்டை, கெளுத்தி, விரால், குரவை, யார் வீட்டில் எத்தனை என்று ஒரே கூச்சல். அன்று கையேட்டில் இருந்த பாடத்துக்கும் மீனுக்கும் சம்பந்தமே இல்லை. கையேட்டை மூடி வைத்துவிட்டேன். அரும்பு நிலைப் பிள்ளைகள் மீனை வரைந்து பெயரின் முதல் எழுத்தை எழுதின. மொட்டு நிலைக்காரர்கள் வீட்டுக்கு எத்தனை என்று கூட்டினார்கள். மலர் நிலைக்காரர்கள் பிடித்த கதையை ஐந்து வரியில் எழுதினார்கள். ஐந்து வரி கேட்டதற்கு ஒருத்தி பக்கம் நிறைய எழுதிவிட்டு, மீன் தப்பித்துப் போன பகுதியை இன்னும் எழுதவில்லை என்று தாள் கேட்டாள். பிற்பாடு பள்ளிப் பார்வைக்கு வந்த அலுவலர் ஒருவர், பயிற்சி நூலில் இரண்டு பக்கம் பின்தங்கியிருப்பதை மட்டும் குறித்துக்கொண்டு போனார். கம்பியில் தொங்கிய மீன் கதைகளை அவர் நிமிர்ந்து பார்த்திருந்தால் அந்த இரண்டு பக்கத்துக்கும் கணக்கு அங்கேயே கிடைத்திருக்கும்.

இன்னொரு குறை, கைப்பேசி வழி மதிப்பீடு. ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, திரையில் வரும் கேள்வியைக் கேட்டு, விடையைப் பதிய வேண்டும். எங்கள் பக்கம் சிக்னல் வருவது பூவரச மரத்தடியில்தான். ஒரு பிள்ளையோடு நான் அங்கே நிற்கும்போது மீதிப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் இல்லை. மதிப்பீடே வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாமல் நிலை பிரிக்க முடியாது. ஆனால் பிள்ளை தயங்குகிறதா, தெரிந்தே சொல்ல வெட்கப்படுகிறதா என்பதை முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு அது தப்பிவிடுகிறது.

திட்டம் நான்கு, ஐந்துக்கும் வந்தபோது கிடைத்த ஒரு நன்மையைச் சொல்ல வேண்டும். இரண்டு அறையும் ஒரே முறையில் நடப்பதால், சாயங்காலம் மணி அடித்த பிறகு தாழ்வாரத்தில் உட்கார்ந்து நாங்கள் இருவரும் பேச ஒரு பொதுவான விஷயம் உண்டானது. இன்று யார் வாய் திறந்தார்கள், எந்தச் செயல்பாடு எடுபடவில்லை, நாளைக்கு யாரை யாருக்குப் பக்கத்தில் உட்கார வைப்பது. எந்தச் சுற்றறிக்கையும் சொல்லி வந்த பழக்கம் இல்லை இது. இந்தப் பேச்சு நடக்கிற பள்ளியில் பிள்ளைகளும் பேசுகிறார்கள், நான் பார்த்த வரையில் அப்படித்தான். சுற்று வட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற குறுவள மையப் பயிற்சிகளில் எனக்கு உபயோகப்பட்டதும் மேடையில் ஓடிய காணொளிகளைவிட, மதிய இடைவேளையில் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களோடு பேசியது.

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு, பிள்ளைகள் சீக்கிரமே வந்துவிடுகிறார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதற்கும் வழிபாட்டுக் கூட்டத்துக்கும் நடுவில் கொஞ்ச நேரம் கிடைக்கிறது. படித்தல் களத்துப் புத்தகங்களை அந்த நேரத்தில் திறந்து விட்டோம். யாரும் எதையும் கேட்க மாட்டோம், குறிக்க மாட்டோம். பள்ளி நேரத்துக்குப் பிறகு வீட்டுப் பக்கத்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்த இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்த அம்மா ஒருவர் தன் பிள்ளையை விட வரும்போது அப்படியே உட்கார்ந்து ஒரு கதை சொல்லிவிட்டுப் போவார். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வருகிற தாய்மார்களுக்கும் இப்போது தீர்மானம் வாசிப்பதற்கு முன் பிள்ளைகளின் பொம்மலாட்டம்தான். கூட்டத்துக்கு ஆள் சேர்க்க நாங்கள் வீடு வீடாகப் போவது நின்றுவிட்டது.

புதிதாக இந்தத் திட்டத்தை எடுத்து நடத்தப் போகிறவர்களுக்கு: முதல் பருவம் முழுக்கக் கையேட்டை அப்படியே பின்பற்றுங்கள், தப்பில்லை. இரண்டாம் பருவத்தில் எந்தப் பாட்டை விடலாம், எதைத் திரும்ப எடுக்கலாம் என்று பிள்ளைகளையே கேளுங்கள், தெளிவாகச் சொல்வார்கள். நிலை பிரியுங்கள், ஆனால் கலந்து உட்கார வையுங்கள்.

கையேடு தயாரிக்கிறவர்களிடம் கேட்பது ஒன்று. வாரத்துக்கு ஒரு நாளைக் கையேட்டில் வெறுமையாக விடுங்கள். அந்தப் பக்கத்தில் அன்று என்ன செய்தோம் என்பதை ஆசிரியரும் பிள்ளைகளும் எழுதட்டும், பார்வைக்கு வருகிறவர் முதலில் அந்தப் பக்கத்தைக் கேட்கட்டும். அது வந்தால் ஆசிரியர் பக்கத்து இரண்டரையை நாலாக்கத் தயாராக இருக்கிறேன்.