24-ஆ, 28-ஆ, அமாலா? பழைய புல்லட்டுக்கு எந்தக் கார்பரேட்டரை மாட்டுவது

கேப்பர் மலை ஏற்றத்தில் மூன்றாவது கியரில் வண்டி முக்கினால் கடலூரில் நாலு மெக்கானிக் நாலு வழி சொல்வார்கள். எல்லாம் கார்பரேட்டரை, அதாவது காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகத்தைச் சுற்றித்தான். "28 போடு, பறக்கும்" என்பார் ஒருவர். "ஒரிஜினல் அமால் (இங்கிலாந்து கார்பரேட்டர்) தேடிப் பிடி" என்பார் இன்னொருவர். நான் இருவர் பேச்சையும் கேட்டுக் காசைக் கரைத்தவன். என் வண்டி 1989 மாடல் காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு சிலிண்டர்) புல்லட் 350. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 90, மொத்தம் 346 சிசி, பவர் 18 குதிரை. இந்த 18-ஐ மறந்துவிட்டுத்தான் பலரும் கார்பரேட்டர் வாங்கக் கிளம்புகிறோம்.

வண்டியோடு வந்தது மிக்கார்ப் விஎம்24, காற்று போகும் வாய் 24 மில்லிமீட்டர் விட்டம். ஜப்பானின் மிக்குனி வடிவமைப்பில் நம் ஊரில் செய்தது. இதன் பெரிய பலம், வேலை பிரிந்து கிடப்பது. ஐட்லிங்கிலும் லேசான திறப்பிலும் பைலட் ஜெட் (ஜெட் என்பது பெட்ரோல் பாயும் நுண்துளை), அடுத்து காற்றுவழியை மூடித் திறக்கும் சிலைடின் அடிவெட்டு, கால் முதல் முக்கால் திறப்பு வரை சிலைடோடு ஏறி இறங்கும் ஊசி, அதற்கு மேல் மெயின் ஜெட். எந்தத் திறப்பில் வண்டி முரண்டு பிடிக்கிறது என்று தெரிந்தால் எதைக் கழற்றுவது என்பதும் தெரிந்துவிடும். பழைய 24-இல் முதலில் தேய்வது ஊசியும் அது இறங்கும் நீடில் ஜெட்டும். துளை முட்டை வடிவமாகிவிடும். பாதித் திறப்பில் பெட்ரோல் அதிகம் போய் புளக் கரி பிடிக்கும். இந்த இரண்டையும் மட்டும் புதிதாகப் போட்டால் பாதி நோய் தீர்ந்துவிடும். நான் அதைச் செய்யாமல் நேராக 28-க்குத் தாவினேன்.

28 என்பது 24-ஐவிட 4 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் காற்று போகும் பரப்பு 36 சதவீதம் கூடுகிறது. இன்ஜின் உறிஞ்சும் அளவு அதேதான், வாய் மட்டும் பெரிதாகிவிட்டது. அப்போது காற்றின் வேகம் குறையும், பெட்ரோலைத் தூக்கும் உறிஞ்சலும் குறையும். மஞ்சக்குப்பம் நெரிசலில் இரண்டாவது கியரில் ஊர்ந்துவிட்டுச் சட்டென்று முறுக்கினால் ஒரு கணம் வண்டி செத்துப் பிழைக்கும். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி நேர்ச் சாலையில் முழுக்கத் திறந்தபோது கொஞ்சம் உற்சாகம் தெரிந்தது, மறுக்கவில்லை. ஆனால் ரெட்டிச்சாவடி தாண்டி அப்படித் திறந்து ஓட்ட எத்தனை நாள் இடம் கிடைக்கிறது? 28 உண்மையில் புல்லட் 500-க்கு வந்தது. அதன் போர் 84, அதாவது 499 சிசி. கணக்குப் போட்டால் அந்த வாய் அந்த வயிற்றுக்குத்தான். 350-இல் ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடி) போர்ட்டிங் செய்து, அதாவது அதன் காற்றுவழியை அகலமாக்கி, வால்வைத் திறக்கும் கேமும் மாற்றியவர்களுக்கு வேண்டுமானால் அது பயன்படும்.

அமால் மோனோபிளாக் அழகுக்கு அழகு. மிதவைக் கிண்ணம் பக்கவாட்டில் உடலோடு ஒன்றாக வார்த்தது. மிதவையை அமுக்கிக் கிண்ணத்தை நிரப்பும் டிக்லர் பட்டனை அழுத்தி, பெட்ரோல் கசிந்ததும் உதைத்துக் கிளப்பும் சடங்கு இருக்கிறதே, அதற்காகவே வாங்கலாம்! இங்கிலாந்தில் இன்றும் தயாராகிறது. ஆனால் பழைய சரக்கில் சிலைடும் உடலும் ஒரே துத்தநாகக் கலவை. ஒன்றையொன்று தேய்த்து இடைவெளி விழும், அங்கே காற்று புகும், ஐட்லிங் நிற்காது. பழைய சாமான் கடையில் பளபளவென்று ஒன்று கிடைத்தால் வாங்கும் முன் சிலைடை ஆட்டிப் பாருங்கள், டகடகவென்றால் வைத்துவிட்டு வாருங்கள். நான் ஆட்டிப் பார்க்கவில்லை. அப்புறம் ஜெட் எண். அமாலில் அது நிமிடத்துக்கு எத்தனை சிசி பாயும் என்ற கணக்கு. மிக்குனி எண்ணோடு ஒப்பிட்டு அதே எண்ணை வாங்கினால் தவறாகிவிடும்.

பின்னால் வந்த வண்டிகளின் வாக்குவம் கார்பரேட்டரையும் (இன்ஜினின் உறிஞ்சலால் சிலைடு ஏறும் வகை) சிலர் பழைய புல்லட்டில் ஏற்றுகிறார்கள். ஓட்ட மிருதுவாக இருக்கும். உடல் பருமன், உள்ளே இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் கிழிந்தால் வழியில் ஒட்டுப்போட முடியாது. ஒரு முக்கியமான குழப்பம்: விஎம்மிலும் அமாலிலும் பக்கத் திருகு காற்றுக்கு, உள்ளே திருகினால் பெட்ரோல் விகிதம் கூடும். வாக்குவத்தில் பெரும்பாலும் அது பெட்ரோல் திருகு, வெளியே திருகினால்தான் கூடும். இது தெரியாமல் அரை நாள் திருகிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் மாற்றிய பிறகும் ஐட்லிங் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. திருப்பாதிரிப்புலியூரில் நான் வழக்கமாகப் போகும் அண்ணன் பார்த்துவிட்டு, "தம்பி, மூணு கார்பரேட்டர் மாத்தின, மேனிஃபோல்டைத் தொட்டியா?" என்றார். கார்பரேட்டரையும் ஹெட்டையும் இணைக்கும் குழாய் அது. ஓடும் வண்டியில் மேனிஃபோல்ட் இணைப்பின் மேல் தண்ணீரைப் பீச்சினார். சத்தம் மாறியது, அங்கே காற்று புகுகிறது என்று அர்த்தம். ரப்பர் வெளியே நன்றாகத்தான் இருந்தது. கழற்றி மடக்கியபோது உள்பக்கம் வெடிப்பு!

ரப்பருக்கு நல்ல குணமும் உண்டு. ஒற்றை சிலிண்டரின் அதிர்வைத் தாங்கிக்கொள்ளும். அதிர்வு நேராக ஏறினால் கிண்ணத்தில் பெட்ரோல் நுரைக்கும். சூட்டையும் தடுக்கும். ஆனால் சில வருடத்தில் வெடிக்கும், வெடித்ததை வெளியே காட்டாது. லேத்தில் கடைந்த அலுமினியம் வெடிக்காது. அதற்குப் பதில் ஹெட்டின் சூட்டை அப்படியே கார்பரேட்டருக்குக் கடத்தும். மே மாதம் பாண்டி இந்திரா காந்தி சிலை சிக்னலில் நின்றுவிட்டு, அடுத்த கடையில் டீ குடித்துத் திரும்பினால் வண்டி கிளம்பாது. கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகியிருக்கும். இடையில் ஒரு பேக்கலைட் (சூடு கடத்தாத கெட்டி பிளாஸ்டிக்) தடுப்பு வைத்தால் இது பெருமளவு தீரும். பிளேஞ்ச் (இணைப்பின் தட்டையான விளிம்பு) நட்டை மட்டும் வெறியோடு முறுக்காதீர்கள். பிளேஞ்ச் வளையும், வளைந்த இடத்தில் காற்று பிடிக்கும். வளைந்திருந்தால் கண்ணாடி மேல் எமெரித் தாளை விரித்து மட்டமாகத் தேய்க்கலாம். மேனிஃபோல்டின் துளையும் ஹெட்டின் வாயும் சேரும் இடத்தில் படி இருக்கக் கூடாது. என் 28-க்கு விற்ற மேனிஃபோல்டில் விரல் நுனி தடுக்கும் அளவுக்குப் படி.

விலை குறைவென்று பாண்டியில் டேங்கை நிரப்பினாலும் இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல்தான். பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். ஆகவே பழைய ஜெட்டிலேயே ஓட்டினால் கலவை மெலியும், புளக் வெளுக்கும். நான் மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றி, ஊசியையும் ஒரு வெட்டு உயர்த்தினேன். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், நமக்கோ உப்புக் காற்று வேறு. இரண்டு வாரம் நிறுத்துவதென்றால் டேங்கின் பெட்ரோல் காக்கை (திறந்து மூடும் குழாயை) மூடிக் கிண்ணத்தைக் காலி செய்துவிடுகிறேன்.

இப்போது வண்டியில் இருப்பது அதே பழைய 24, புது ஊசி, புது நீடில் ஜெட், அலுமினியம் மேனிஃபோல்ட், நடுவில் பேக்கலைட். கேப்பர் மலையில் மூன்றாவது கியரிலேயே ஏறுகிறது. 28-ஐ வில்லியனூரில் 500 வைத்திருக்கும் நண்பர் வாங்கிக்கொண்டார். அமால் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது, வருகிறவர்கள் டிக்லரை அழுத்திப் பார்க்கிறார்கள்.