சென்னையிலிருந்து கப்பல் பயணம் போகிறவர்கள் கவனத்துக்கு: ஏஜென்டிடம் நாங்கள் பட்ட பாடு

வட சென்னையில் கப்பல் டிக்கெட், ஹோட்டல், ஊர் சுற்றிப் பார்க்க வண்டி எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜாகப் போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் ஆபீஸ் வைத்திருக்கிறார். அவர் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். ஆனால் அதற்குள் இன்னொரு குடும்பம் பணத்தைக் கட்டிவிடக் கூடாது என்பதற்காக நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் வீடு ராயபுரம் பனைமரத்தொட்டிப் பக்கம். அப்பா துறைமுகத்தில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் சின்ன வயசில் பயணிகள் கப்பல் என்றால் அந்தமான் கப்பல் மட்டும்தான். 2022 ஜூனில் சென்னையிலிருந்து சுற்றுலாக் கப்பல் கிளம்ப ஆரம்பித்ததும் அப்பா பேப்பரைக் காட்டி, "இதுல ஏறிக் கடல்ல இருந்து நம்ம ஹார்பரை ஒரு தடவ பார்க்கணும்" என்றார். உள்ளேயே இத்தனை வருஷம் இருந்தும் கடல் பக்கமிருந்து அவர் பார்த்ததில்லை. அவருக்கு 70 முடிந்தபோது நானும் மதுரையில் இருக்கும் அக்காவும் சேர்ந்து அதைச் செய்துவிடலாம் என்று முடிவு செய்தோம். அப்பா, அம்மா, அக்கா, மாமா, அவர்கள் பையன், நான் என்று ஆறு பேர். சனிக்கிழமை ஏறி, நடுக்கடலில் சுற்றிவிட்டு, திங்கட்கிழமை சென்னைக்கே திரும்பும் இரண்டு இரவுப் பயணம். அதற்கு முன்னால் அக்கா குடும்பம் இரண்டு நாள் சென்னையில் தங்கி ஊர் பார்ப்பதாகத் திட்டம்.

எனக்கு லீவு கிடைப்பது கஷ்டம். அதனால்தான் ஏஜென்டிடம் போனேன். தெரியாத ஆளும் இல்லை. "ஹார்பர் அண்ணன் பொண்ணாம்மா நீ? உங்கப்பாவுக்கு நான் செய்யாம வேற யாரும்மா செய்வா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் கேட்க வேண்டிய கேள்வியையெல்லாம் கேட்காமல் விட்டுவிட்டேன்.

அவர் போட்டுக் கொடுத்த கணக்கு: கப்பலுக்கு ஆறு பேருக்கும் சேர்த்து 1,32,000 ரூபாய், கடல் தெரியும் ஜன்னலோடு மூன்று கேபின். துறைமுகம் தெரியும் ஹோட்டலில் இரண்டு அறை, இரண்டு இரவு, 22,000. எழும்பூரிலிருந்து அழைத்து வருவது, ஒரு நாள் ஊர் சுற்றுவது, கப்பலில் கொண்டுபோய் விடுவது எல்லாம் சேர்த்து 14,000. மொத்தம் 1,68,000. இரண்டு தவணையாக ஜிபே செய்தேன். பணம் போனது கம்பெனிக் கணக்குக்கு இல்லை, அவருடைய சொந்த நம்பருக்கு. அப்போது அது உறுத்தியது. "எல்லாருக்கும் இதாம்மா நம்பர்" என்றார், விட்டுவிட்டேன்.

பதிலுக்கு வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. மேலே கப்பல் படம், கீழே ஆறு பேர் பெயர், 'கன்ஃபர்ம்டு' என்று சிவப்பில் ஒரு முத்திரை, ஒரு நம்பர். அந்த நம்பரைத்தான் புக்கிங் நம்பர் என்று நினைத்தேன். அது அவருடைய ரசீது நம்பர் என்று பிற்பாடுதான் தெரிந்தது. கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது போன் செய்து, துறைமுகக் கட்டணம், கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ், ஜிஎஸ்டி எல்லாம் தனி, இன்னும் 27,600 கட்டினால்தான் ஏற விடுவார்கள் என்றார். ஒரு வாரத்துக்கு முன்னால் யார் பின்வாங்க முடியும்? கட்டினேன்.

அக்கா குடும்பம் வியாழக்கிழமை விடியற்காலை எழும்பூரில் வந்து இறங்கியது. வண்டி வரவில்லை. முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு மாமா மின்சார ரயிலில் ஏறிவிட்டார். எழும்பூருக்கு அடுத்து பார்க், கோட்டை, கடற்கரை. மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கினால் எதிரிலேயே துறைமுகம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். விமானத்தில் வந்தாலும் விமான நிலையத்திலிருந்து வண்டி மாறாமல் ஒரே மெட்ரோவில் உயர் நீதிமன்றம் அல்லது மண்ணடியில் வந்து இறங்கலாம். கப்பல் ஏறுவதற்காகச் சென்னைக்கு வருகிறவர்கள் 'டிரான்ஸ்ஃபர்' என்று ஆயிரக்கணக்கில் தண்டம் அழ வேண்டிய அவசியமே இல்லை.

ஹோட்டல் என்று சொன்னது மண்ணடியில் ஒரு சந்துக்குள் இருக்கும் லாட்ஜ். துறைமுகம் தெரியும் என்பதால்தான் அப்பா அம்மாவையும் அங்கேயே இரண்டு நாள் தங்க வைக்க நினைத்திருந்தோம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் ஏசிப் பெட்டி கை எட்டும் தூரத்தில் அனலை ஊதிக்கொண்டிருந்தது. கேட்டதற்கு அங்கே வேலை செய்யும் பையன், "மொட்ட மாடிக்குப் போனா கிரேன் தெரியும் சார்" என்றான். பாவம், அவன் என்ன செய்வான்? அதைவிட மோசம், ஒரு அறைக்கு ஒரு இரவுக்கான பணம்தான் அவர்களுக்கு வந்து சேர்ந்திருந்தது. மீதிக்கு 5,600 ரூபாயை மாமா கையிலிருந்து கொடுத்தார். அப்பா அம்மாவை ஒரே இரவில் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஊர் சுற்றும் வண்டி வந்தது. முதலில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை. அங்கே அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது இந்தத் தொழில் செய்கிறவருக்குத் தெரியாதா? அப்புறம் பட்டுக்கடை, முத்துமாலைக் கடை, மறுபடியும் ஒரு கடை. ஒவ்வொன்றிலும் டிரைவர் உள்ளே போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தாராம். காளிகாம்பாள் கோயிலுக்குக் கூட்டிப் போனபோது மணி ஒன்று, நடை சாத்தியிருந்தது. எனக்கு இதுதான் பணத்தைவிட அதிகம் வலித்தது. தம்பு செட்டித் தெருவில் சிவாஜி 1677இல் வந்து வணங்கியதாகச் சொல்லும் அந்தக் கோயில், ஆர்மேனியன் தெருவில் 1772ஆம் வருஷத்து தேவாலயம், 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷன், சாயங்காலம் கடற்கரை ஸ்டேஷன் பக்கம் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டு வந்த அத்தோ நூடுல்ஸ், எல்லாமே துறைமுகத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. பாதியை நடந்தே பார்த்துவிடலாம். கப்பலுக்காக வந்து இரண்டு நாள் இங்கே தங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. மதுரையிலிருந்து வந்த பையன் எங்கள் பேட்டையைப் பார்க்காமல் மூன்று கடைகளின் ஏசியில் உட்கார்ந்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை நான் லீவு. கப்பலில் ஏற மதியம் 2 முதல் 4 மணி வரை என்று பிடிஎஃப்பில் இருந்தது. ஆடி வெள்ளிக் கூட்டத்துக்குப் பயந்து, சனிக்கிழமை காலையில் எல்லோரும் திருவொற்றியூர் வடிவுடையம்மனைப் பார்க்கப் போனோம். தரிசனம் முடித்துப் பிரகாரத்தில் உட்கார்ந்திருந்தபோது அப்பாவுக்கு ஒரு போன். கூட வேலை பார்த்தவர்.

"இன்னா நைனா, இன்னும் வரலியா? கப்பல் ஜனமெல்லாம் உள்ள போய்க்கினு இருக்கு. ஒரு மணிக்கு மூடிருவாங்களாமே."

அப்போது மணி 11.50. ஏறும் நேரத்தை 11 முதல் 1 என்று முன்கூட்டி மாற்றியிருக்கிறார்கள். மூன்று நாளைக்கு முன்பே மெயிலும் குறுஞ்செய்தியும் அனுப்பியிருக்கிறார்கள். அது எங்களுக்கு வரவில்லை. ஏனென்றால் புக்கிங்கில் இருந்த செல் நம்பரும் மெயிலும் ஏஜென்டுடையவை. ஆறு பேருக்கும் அவர் நம்பர்தான். அவருக்கு நான் ஒன்பது முறை போன் செய்தேன், எடுக்கவில்லை.

வண்டியில் போயிருந்தால் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டியிருப்போம். தேரடியில் மெட்ரோ ஏறி, ஏழாவது நிறுத்தமான மண்ணடியில் இறங்கி, லாட்ஜிலிருந்து பெட்டிகளை அள்ளிக்கொண்டு இரண்டு ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது 12.40. அம்மாவுக்கு மூட்டு வலி. படிக்கட்டில் ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அங்கேயும் முடியவில்லை. முன்கூட்டியே ஆன்லைனில் செய்ய வேண்டிய செக்-இன் செய்யப்படவில்லை. அப்பாவின் பெயர் ஆதாரில் இருப்பதுபோல் இல்லை, வயது 70க்குப் பதில் 60. கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாக ஒவ்வொன்றாகத் திருத்திக் கொடுத்தார். அவர் நல்லவராக இல்லாதிருந்தால் அப்பாவைத் தவிர மற்ற ஐந்து பேர்தான் ஏறியிருப்போம்.

கேபினுக்குள் போனதும் அப்பா நேராகச் சுவரில் இருந்த திரைச்சீலைக்குப் போனார். இரண்டு கையாலும் விலக்கினார். பின்னால் சுவர். ஒரு நிமிஷம் அப்படியே திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக மூடிவிட்டு, "பரவால்லம்மா, தூங்கத்தானே ரூம்பு" என்றார். எனக்குப் பதில் பேச வாய் வரவில்லை.

அன்றைக்கே வரவேற்பில் போய்க் கேட்டேன். எங்களுக்குப் போட்டிருந்தது உட்புற கேபின், ஜன்னல் இல்லாதது, இருப்பதிலேயே குறைந்த விலை. ஏஜென்ட் கட்டிய பில்லை எடுத்துக் கொடுத்தார்கள். துறைமுகக் கட்டணம், டிப்ஸ், ஜிஎஸ்டி உட்பட மொத்தம் 1,04,400. அதாவது கடைசியில் மிரட்டி வாங்கிய 27,600 ஏற்கனவே அந்த பில்லுக்குள் அடக்கம். கப்பலுக்காக மட்டும் என்னிடம் 55,200 ரூபாய் அதிகம் வாங்கியிருக்கிறார்.

பயணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிளம்பும்போது அப்பா மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஹைகோர்ட் கலங்கரை விளக்கம் சின்னதாகும் வரை கண்ணை எடுக்கவில்லை. பேரனுக்கு 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் இந்தப் பக்கமிருந்துதான் குண்டு போட்டு எண்ணெய் டாங்குகளைக் கொளுத்தியது என்று கை நீட்டிச் சொன்னார். அம்மா பக்கத்திலிருந்து, "அந்த ஏஜென்டும் எம்டன்தான்" என்றார். அதில் எல்லாக் கோபமும் இருந்தது.

திரும்பி வந்து பில்லோடு போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். "கப்பல்காரன் மாத்திட்டான், நான் இன்னாம்மா பண்றது" என்றார். பில்லைக் காட்டியதும், "சர்வீஸ் சார்ஜ்" என்றார். 55,200 ரூபாய்க்கு என்ன சர்வீஸ் என்று கேட்டேன். அப்பாவிடம் பேசிக்கொள்கிறேன் என்று எழுந்து போய்விட்டார். பழக்கத்தைக் காட்டி வாயை அடைப்பதுதான் இவருடைய முதலீடு.

நீங்கள் யாரிடம் டிக்கெட் போட்டாலும் சரி, முதலில் கப்பல் கம்பெனி கொடுத்த புக்கிங் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். அதை வைத்துக் கம்பெனிக்கு நீங்களே போன் செய்து, என்ன வகை கேபின், எந்தப் பெயர், எந்த செல் நம்பர், எந்த மெயில் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் நம்பர் அதில் இல்லையென்றால் அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். எங்கள் விஷயத்தில் எல்லாக் கோளாறும் இந்த ஒரு இடத்தில்தான் ஆரம்பித்தது: கப்பலுக்கும் எங்களுக்கும் நடுவில் அவர் நின்றுகொண்டார், ஒரு பக்கம் என்ன சொல்கிறது என்று மறு பக்கத்துக்குத் தெரியவில்லை. ஆதாரில் உள்ளபடி பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா பாருங்கள். துறைமுகக் கட்டணம், டிப்ஸ், வரி எல்லாம் விலையில் அடக்கமா, தனியா என்பதை வாட்ஸப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். ஹோட்டலைக் கப்பலோடு சேர்க்காமல் நீங்களே தனியாகப் போடுங்கள். சொந்த நம்பருக்கு ஜிபே வேண்டவே வேண்டாம்.

இப்போது புகார் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தேன். அவர் அங்கேயும் பதில் சொல்லவில்லை. அதனால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். ஐந்து லட்சம் வரை கொடுத்த பணத்துக்கான வழக்கு என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். டிக்கெட்டே போடாமல் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டால் அது வேறு. அப்போது உடனே 1930 சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை நிறுத்துவது கஷ்டம்.

போன வாரம் அந்த ஆபீஸ் வழியாகப் போனேன். அடுத்த பயணத்துக்குப் புது பேனர் கட்டியிருக்கிறார்கள். ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டைப் பக்கம் யாராவது சமீபத்தில் கப்பலுக்கு இப்படிப் பணம் கட்டியிருந்தால் ரசீது, ஜிபே விவரம், வாட்ஸப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். எனக்குத் தனியாக எழுதுங்கள். ஆள் ஒன்றுதான் என்று தெரிந்தால் உங்கள் மனுவை எழுத நான் கூட உட்காருகிறேன்.