லினக்ஸ் 6.8-இல் ஸ்லாப் நீக்கம்: ஒரு டிரைவர்காரனின் விமர்சனம்

லினக்ஸின் மையமான கெர்னலில் துப்புரவு என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம். பெயரை மாற்றுவார்கள், கோப்பை இடம் மாற்றுவார்கள். கெர்னலுக்கு வெளியே டிரைவர் வைத்துக் காப்பாற்றுகிற என்னைப் போன்றவர்களுக்கு வேலை கூடுவதுதான் மிச்சம். 2024 மார்ச்சில் வெளிவந்த 6.8-இல் ஸ்லாப் என்ற அலோகேட்டரை, அதாவது மெமரியைப் பங்கிட்டுக் கொடுக்கும் நிரலை, தூக்கியது அந்த ரகம் இல்லை. கெர்னல் நிரலர் விலாஸ்டிமில் பாப்காவின் அந்தப் பேட்ச் (நிரல் மாற்றம்) தொடரை முதலிலிருந்து கடைசி வரை படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முன்கதை சுருக்கமாக: கெர்னலுக்கு ஓயாமல் சின்னச் சின்ன மெமரித் துண்டுகள் வேண்டும். ஒரே அளவுள்ளவற்றை ஒரு கேஷில் சேர்த்து வைத்துக் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் யோசனை, சோலாரிஸுக்காக ஜெஃப் பான்விக் 1994-இல் வெளியிட்டது. லினக்ஸின் ஸ்லாப் அந்த வழி வந்தது. குறைந்த மெமரி உள்ள கருவிகளுக்கு ஸ்லோப் என்று ஒன்று, 2007-இல் கிறிஸ்டோஃப் லாமீட்டர் கொண்டுவந்த ஸ்லப் என்று இன்னொன்று. மேலே ஒரே இடைமுகம், கீழே மூன்று தனித்தனி நிரல். புதிய வசதி எது வந்தாலும் மூன்றுக்கும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஸ்லாப்பின் பிரச்சினை, காலித் துண்டுகளை அடுக்கி வைக்கும் அதன் வரிசைகள். ஒவ்வொரு சிபியுவுக்கும் ஒரு வரிசை, நியூமா கணு (பெரிய இயந்திரத்தில் தனக்கென்று மெமரி உள்ள சிபியு கூட்டம்) ஒவ்வொன்றும் மற்றக் கணுக்களுக்காக வைக்கும் வரிசை என்று பெருகிக்கொண்டே போகும். பெரிய இயந்திரத்தில் அந்த வரிசைகளே மெமரியைத் தின்னும். போதாததற்கு, ஒவ்வொரு சிபியுவிலும் இரண்டு நொடிக்கு ஒருமுறை ஒரு வேலை எழுந்து அவற்றை அரித்துப் பார்க்கும். தாமதம் ஆகக் கூடாத இடத்தில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தாமதத்துக்கு வரம்பு வைக்கும் நிகழ்நேரக் கெர்னல் ஸ்லப்போடு மட்டும்தான் ஓடியது.

அப்படியும் நீக்கப் பதினேழு வருடம் ஆனதற்குக் காரணம், சில வேலைகளில் ஸ்லாப்தான் வேகம் என்று சொல்லி அதை விடாமல் வைத்திருந்தவர்கள். அவர்களை நகர்த்திய விதம் எனக்குப் பிடித்திருந்தது. 6.5-இல் கோப்பைத் தொடவில்லை, கட்டமைப்பு விருப்பத்தின் பெயரை மட்டும் மாற்றினார்கள். பழைய கான்ஃபிக் கோப்பில் இருந்த ஸ்லாப் வரி அதோடு செல்லாமல் போய், கெர்னல் தானாக ஸ்லப்புக்குப் போய்விடும். ஸ்லாப்தான் வேண்டும் என்றால் தேடிப் போய்ப் புதிய பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; அங்கே, ஏன் வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லுங்கள் என்ற வேண்டுகோள் காத்திருக்கும். குரல் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும் என்று சில வெளியீடுகள் பொறுத்துவிட்டு 6.8-இல் வெட்டினார்கள். ஸ்லாப்.சி என்ற அந்த ஒரு கோப்பே கிட்டத்தட்ட 4,000 வரி.

ஆனால் அழித்த வரிகளை எண்ணிப் பாராட்டுவது சரியாகாது. அழித்த பிறகு என்ன செய்ய முடிந்தது என்பதுதான் விஷயம். முன்பு, துண்டை விடுவிக்கும் கேஃப்ரீ ஃபங்ஷன் பொதுக் கோப்பில் இருந்தது. அங்கிருந்து ஸ்லப்பின் கோப்புக்குள் இருந்த இன்னொரு ஃபங்ஷனைக் கூப்பிடும். கோப்பு வேறு என்பதால் கம்பைலரால் இரண்டையும் ஒன்றாக மடிக்க முடியாது. இரண்டு அலோகேட்டரும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்ததால் வந்த பிரிவினை அது. ஒன்றே மிஞ்சியதும் துண்டு வாங்கும் கேமல்லாக், விடுவிக்கும் கேஃப்ரீ எல்லாம் ஸ்லப்.சி-க்குள்ளேயே வந்துவிட்டன, அடிக்கடி ஓடும் பாதையை நேராக்க அடுத்தடுத்த பேட்சுகளுக்கு இடம் கிடைத்தது. கேஷின் உள்ளமைப்பும் பொது ஹெட்டரிலிருந்து (எல்லா நிரலும் சேர்த்துக்கொள்ளும் அறிவிப்புக் கோப்பு) உள் ஹெட்டருக்குப் போய்விட்டது. அதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வெளி மாட்யூல்கள் (டிரைவர் போலக் கெர்னலில் ஏற்றி இறக்கும் நிரல்கள்) உடைந்திருக்கும். உடையட்டும், அது நல்லதுதான்.

இதற்கு முன்பே 6.4-இல் ஸ்லோப்பை எடுத்ததன் பலன் என் போன்றவர்களுக்கு இன்னும் நேரடியானது. ஸ்லோப், கேமல்லாக்கில் வாங்கிய துண்டுக்கு முன்னால் அதன் அளவை எழுதி வைக்கும். கேஷிலிருந்து வாங்கிய துண்டுக்கு எழுதாது. அதனால் கேஷில் வாங்கியதைக் கேஃப்ரீயால் விடுவித்தால் இல்லாத அளவைப் படித்துக் குளறுபடி ஆகும். ஸ்லப்பில் அதே தவறு சத்தமில்லாமல் ஓடிவிடும், அதனால் சோதனையில் சிக்காது. ஸ்லோப் போனதும், கேஷில் வாங்கியதைக் கேஃப்ரீயால் விடுவிக்கக் கூடாது என்ற விதியே போய்விட்டது. துண்டைக் கேஷுக்குத் திருப்பிக் கொடுப்பதற்கென்றே ஆர்சியு (படிப்பவர்கள் முடிக்கும்வரை விடுவிப்பைத் தள்ளிப் போடும் கெர்னல் வசதி) பிறகு கூப்பிடும் கால்பேக்காக எழுதி வைத்திருந்த குட்டி ஃபங்ஷன்கள் பல இடங்களில் ஒற்றை வரியாகச் சுருங்கின.

அதிலும் ஒரு சிக்கல் முளைத்தது. அந்த ஒற்றை வரி விடுவிப்பைத் தள்ளிப் போடும்; மாட்யூலை இறக்கும்போது கேஷை அழித்தால், உள்ளே இன்னும் துண்டுகள் இருக்கின்றன என்று கெர்னல் புலம்பும். நிலுவையில் உள்ள கால்பேக்குகளுக்குக் காத்திருக்கும் பழைய ஆர்சியு தடுப்பு ஃபங்ஷன் இதற்குக் காத்திருக்காது. 6.12-இல்தான் கேஷை அழிக்கும் ஃபங்ஷனே காத்திருக்கும்படி செய்தார்கள். நடுவில் உள்ள வெளியீடுகளுக்கு டிரைவர் எழுதுபவர்கள் இதை நினைவில் வைக்கவும்.

இரண்டு குறைகள். நிரலை இடம் மாற்றியதால் கிட் பிளேம் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது எது என்று காட்டும் கட்டளை) நகர்ந்த வரிகளுக்கு இந்தத் தொடரையே காட்டுகிறது. பழைய காரணத்தைத் தேட, நகர்ந்த நிரலையும் துரத்தும்படி தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்னொன்று பெயர்: போனது ஸ்லாப், இருப்பது ஸ்லப், ஆனால் ஹெட்டரும், கேஷ்களின் நிலவரம் காட்டும் புரோக் கோப்பும் ஸ்லாப் பெயரிலேயே இருக்கின்றன. புதிதாக வருபவர் தலையைச் சொறிவார்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். 6.6 நீண்டகால வெளியீட்டில் ஸ்லாப் இன்னும் இருக்கிறது, 6.12-இல் இருக்காது. ஸ்லாப்போடு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் தாவுவதற்கு முன் 6.6-இலேயே ஸ்லப்புக்கு மாறி ஒருமுறை அளந்துவிடுங்கள். நேராக 6.12-க்குப் போய் வேகம் குறைந்தால், அது அலோகேட்டரால் வந்ததா, நடுவில் மாறிய வேறு எதனாலாவது வந்ததா என்று பிரித்துப் பார்ப்பது பெரும்பாடு.