ஆடிக் காற்றில் பூச்சிப் படம்: எந்தக் கருவி நிற்கும்?

ஆனி பிறந்துவிட்டால் திருநெல்வேலிச் சீமையில் காற்று ஓய்வதில்லை. பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகள் எல்லாம் அந்தக் காற்றை நம்பி நிற்பவை. அதே காற்றில் ஓர் எருக்கஞ்செடி முன் கேமராவோடு குத்தவைத்துப் பாருங்கள். இலையடியில் மஞ்சள் அசுவினி மொய்த்திருக்கும்; ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர். இலை அரை அங்குலம் ஆடினால் போதும், பூச்சி படத்திலேயே இருக்காது. அதனால் எந்த லென்ஸ் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், இந்தக் காற்றுக்கு எது ஈடுகொடுக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

குறைந்த செலவில் தொடங்க எக்ஸ்டென்ஷன் டியூப், குளோஸ்-அப் ஃபில்டர் என்று இரண்டு வழிகள். முன்னது கேமராவுக்கும் லென்சுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய். உள்ளே கண்ணாடி கிடையாது. பின்னது லென்சின் முகப்பில் திருகும் பூதக்கண்ணாடி. எது சிறந்தது என்பதைக் கையில் இருக்கும் லென்ஸ்தான் முடிவு செய்யும். குழாயின் நீளத்தை லென்சின் குவியத் தூரத்தால் (லென்சின் மேல் எழுதியிருக்கும் மி.மீ. எண்) வகுத்தால் கிடைப்பது கூடுதல் பெருக்கம். 50 மி.மீ. லென்சில் 25 மி.மீ. குழாய் மாட்டினால் பூச்சியின் உருவம் அதன் அசல் அளவில் பாதியாகச் சென்சாரில், அதாவது கேமராவுக்குள் ஒளியை வாங்கும் தகட்டில், விழும். 200 மி.மீ. லென்சில் அதே குழாய் எட்டில் ஒரு பங்குதான் தரும். ஃபில்டரின் கணக்கு தலைகீழ்: +4 ஆற்றல் கொண்ட ஃபில்டர் 50 மி.மீ. லென்சில் 0.2 மடங்கு, 200 மி.மீ. லென்சில் 0.8 மடங்கு. ஆகவே சிறிய லென்ஸ் வைத்திருப்பவருக்குக் குழாய், நீண்ட ஜூம் வைத்திருப்பவருக்கு ஃபில்டர். தாமிரபரணிக் கரையில் கோரை நுனியில் உட்காரும் ஊசித்தட்டானுக்கு இரண்டாவதே பொருத்தம். ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் நின்றே எடுக்கலாம், அது பறந்துவிடாது. ஒற்றைக் கண்ணாடி ஃபில்டரை மட்டும் தவிர்த்துவிடுங்கள், சிறகின் ஓரங்களில் ஊதா நிறம் கசியும். இரட்டைக் கண்ணாடி ஒட்டியது விலை கூடுதல் என்றாலும் அதுதான் வேண்டும்.

லென்சைத் திருப்பி மாட்டும் ரிங் எல்லாவற்றிலும் மலிவு, பெருக்கமும் அதிகம். ஆனால் லென்சின் பின்பக்கக் கண்ணாடி வெளியே பார்த்து நிற்கும். திசையன்விளை பக்கத்துத் தேரி மணல் பறக்கும் நாளில் அதை நான் வெளியே எடுக்க மாட்டேன்.

நெருக்கப் படங்களுக்கென்றே செய்த 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் இவை அனைத்தையும்விட வசதியானது, சந்தேகமே இல்லை. அசல் அளவு வரை எதையும் மாட்டாமல் கழற்றாமல் போகலாம். ஆனால் காற்றில் ஆடும் இலையை அதுவும் நிறுத்தித் தராது.

என்னைக் கேட்டால், வெளிச்சத்தில்தான் உண்மையான போட்டி இருக்கிறது. அசல் அளவுப் பெருக்கத்தில் லென்சின் துளையை எஃப்/11 வரை சுருக்கி வைத்தாலும் (எண் கூடினால் துளை சிறிது) தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அந்த நெருக்கத்தில் எஃப்/11 என்பது எஃப்/22 போலவே வெளிச்சத்தைக் குறைத்துவிடும். இயற்கை ஒளியை மட்டும் நம்பினால் ஷட்டரை வெகுநேரம் திறந்து வைக்க வேண்டும், முக்காலியும் வேண்டும். குவியத்தை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக்கும் முறைக்கும் அசைவின்மை தேவை. காற்றில்லாத மார்கழி விடியலில் இந்த வழிக்கு ஈடில்லை. பனி கோத்த தும்பைப் பூவின் வெண்மையை ஃபிளாஷ் அவ்வளவு மென்மையாகக் காட்டாது. குளிரில் தட்டான்களும் தாமாகவே அசையாமல் இருக்கும். இதற்காகப் பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து மரத்துப்போகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வதை வேண்டவே வேண்டாம்.

ஆடியில் நிலைமை வேறு. ஆற்றலைக் குறைத்து வைத்த ஃபிளாஷ், நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே மின்னி அணையும். ஆடும் இலையும் அந்தக் கணத்தில் நின்றுவிடும். வெறும் ஃபிளாஷ் மட்டும் போதாது. அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டின் முதுகு கண்ணாடி போன்றது. அதில் வெள்ளைப் பொட்டு ஒன்று எரிந்து நிற்கும், அதைச் சுற்றி நிறமே தெரியாது. பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கம்பி வளையத்தில் இழுத்துக் கட்டி, பூச்சிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் கொண்டுவந்தேன். பொட்டு கரைந்து மங்கலான வெண்திரையாகப் பரவியது. அதன் கீழே சிவப்பும், ஊசியால் குத்தியது போன்ற நுண்குழிகளும் தெரிந்தன. துணி நெருங்க நெருங்கப் பூச்சியின் கண்ணுக்கு அது பெரிய வானம். ஒளி அத்தனை திசைகளிலிருந்தும் வருகிறது.

ஃபிளாஷின் குறை, பின்னணி கருத்துப்போவது. தூரம் இரட்டித்தால் ஒளி நான்கில் ஒன்றாகிவிடும். பூச்சிக்குப் பின்னால் வெகு அருகில் இன்னோர் எருக்கிலை இருக்கும்படி நின்று எடுத்தால் பச்சை திரும்பிவிடும்.

கையில் 50 மி.மீ. லென்ஸ் இருந்தால் முதலில் குழாயும் சிறிய ஃபிளாஷும் வாங்குங்கள், மேக்ரோ லென்ஸ் பிறகு வரட்டும். இடது கை விரல்களால் செடியின் தண்டைப் பிடித்து, அதே கையின் மேல் லென்சைச் சாய்த்துக்கொள்ளுங்கள். காற்று வீசும்போது செடியும் கேமராவும் சேர்ந்தே ஆடும்.