கடலுக்குப் போகிறவன் சாப்பிட்ட மூணு கூட்டு மருந்து

பாம்பனில் விசைப்படகுக் கூலி நான். 2009லிருந்து எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். டாக்டர் சொல்லாமல் யாரும் மாத்திரையை மாற்ற வேண்டாம். எதைச் சாப்பிட்டபோது மடி, அதாவது இழுவலை, இழுக்க முடிந்தது என்ற ஒரே கணக்கை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தந்தது சிடோவுடின், லாமிவுடின், நெவிரபின் சேர்ந்தது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அப்போது சி.டி.4, அதாவது ரத்தத்தில் நோயை எதிர்க்கும் செல்களின் கணக்கு, 168. நெவிரபினால் உடம்பில் தடிப்பு வரலாம் என்று முதல் 2 வாரம் அதை ஒருவேளைதான் கொடுத்தார்கள். தடிப்பு வரவில்லை, நகம் கறுத்தது. ஐஸ் பெட்டியில் மீன் அடுக்கும்போது பக்கத்தில் நின்றவன் பார்த்துவிட்டான். "என்ன மாப்ளே, நகத்துல மை?" "கணவாய் மைடா, தேய்ச்சாலும் போவல." நம்பிவிட்டான். வலையில் ஒரு கணவாய்கூட விழாத மாதத்திலும் அதே பொய்யைத்தான் சொன்னேன்.

நகம் போகட்டும். ஐஸ் கூடையைத் தூக்கினால் நாலு எட்டில் மூச்சு வாங்கியது. ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 7.4. சிடோவுடின் சிலருக்கு ரத்தம் ஊறுவதையே குறைத்துவிடுமாம். நிறுத்திவிட்டார்கள்.

2014ல் டெனோஃபோவிர், லாமிவுடின், எஃபாவிரன்ஸ். ராத்திரி ஒரே மாத்திரை. சந்தோஷமாகத்தான் வாங்கி வந்தேன். வெறும் வயிற்றில், படுக்கும் நேரத்தில் போட வேண்டும். எண்ணெய்ச் சாப்பாட்டோடு போட்டால் கிறுகிறுப்பு கூடும். கரையில் பிரச்சினை இல்லை, கனவுதான் கலர் கலராக வரும். ஒரு தடவை மடியை அவிழ்த்தால் மீனுக்குப் பதிலாகச் செருப்பாகக் கொட்டியது. ஆனால் எங்கள் படகு காலையில் கிளம்பினால் ராத்திரி முழுக்க மடி இழுத்து மறுநாள்தான் கரைக்கு வரும். வாரம் மூணு ராத்திரி அப்படி. மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில், வலையைச் சுருட்டி இழுக்கும் வின்ச் மெஷினின் கயிறு ரெண்டாகத் தெரிந்தது. கயிற்றில் கை சிக்கினால் விரல் மிஞ்சாது.

அதனால் கடல் ராத்திரிகளில் விழுங்காமல் விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. 2018ல் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்ற கணக்கு, எடுத்தபோது எகிறியிருந்தது. கவுன்சலர் அக்கா திட்டவில்லை, "எந்த ராத்திரி விடுறீங்க?" என்று மட்டும் கேட்டார். இப்படி விட்டு விட்டுப் போட்டால் கிருமி அந்த மருந்துக்குப் பழகி, பிறகு அது வேலையே செய்யாமல் போகலாம் என்றார். டிரைவரிடம் பிரஷர் மாத்திரை என்று சொல்லி, ராத்திரி 9 மணியிலிருந்து தூங்கும் முறையைக் கேட்டு வாங்கினேன். விடியக்கால மடி என் பொறுப்பு. மூணு மாதத்தில் லோடு இறங்கியது. தப்பித்தது என் அதிர்ஷ்டம்.

2021லிருந்து டி.எல்.டி. எஃபாவிரன்ஸுக்குப் பதில் டொலுடெக்ராவிர், மற்ற ரெண்டும் அதேதான். சாப்பிட்டோ சாப்பிடாமலோ எந்நேரமும் போடலாம். என்னைக் கேட்டால் மூணில் இதுதான், சந்தேகமே இல்லை. கயிறு ஒன்றாகவே தெரிகிறது. இப்போது லோடு கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கீழே. ஆரம்பத்தில் தூக்கம் வரவில்லை, காலை டீ நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன். 58 கிலோ இருந்தவன் 65 ஆகிவிட்டேன். "வீட்ல நல்ல கவனிப்பு போல" என்கிறார் படகு முதலாளி சம்மாட்டி.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பரோட்டாவும் கட்டஞ்சாயாவுமாக ஓடும் படகில் நெஞ்செரிச்சலுக்கு ரோஸ் கலர் மருந்துப் பாட்டில் எப்போதும் இருக்கும். அதைக் குடித்தால் 6 மணி நேரம் கழித்துத்தான் டி.எல்.டி. போடலாம். டி.எல்.டி. முதலில் என்றால் 2 மணி நேரம் விட்டு அதைக் குடிக்கலாம். சேர்த்துக் குடித்தால் டொலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராது. டி.பி.க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கு 12 மணி நேரம் கழித்து டொலுடெக்ராவிர் மட்டும் இன்னொன்று தருவார்கள். டெனோஃபோவிர் இருப்பதால் கிட்னிக்கு கிரியாட்டினின் பார்ப்பார்கள், அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

காசு கிடையாது. அரசு 2004 ஏப்ரலிலிருந்து இலவசமாகத்தான் தருகிறது. எனக்குள்ள ஒரே குறை டப்பா. 30 மாத்திரையும் கிலுகிலுப்பை மாதிரி குலுங்கும், பையைத் தூக்கினாலே படகு முழுக்கக் கேட்கும். நான் மேலே பஞ்சை அடைத்துவிடுகிறேன். உள்ளே ஈரம் உறிஞ்ச ஒரு சின்னப் பொட்டலம் கிடக்கும், அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உப்புக்காற்றுக்கு அது வேணும்.