அதட்டுகிற தலைவரா, காது கொடுக்கிற தலைவரா?

கார் உதிரிபாகத் தொழிலில் பதினோரு வருடமாகத் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் பழைய கம்பெனியில் பதவி உயர்வு தருவதாகச் சொன்னார்கள். அதை விட்டுவிட்டு, சம்பளம் கொஞ்சம் குறைவான வேறொரு கம்பெனிக்கு மாறினேன். காரணம், இரண்டு முதலாளிகளின் குணம். அதை விளக்க ஊரறிந்த இருவரை எடுத்துக்கொள்கிறேன்: ஃபோக்ஸ்வாகன் கார் குழுமத்தின் தலைவராக இருந்த மார்ட்டின் விண்டர்கார்ன், ஃபோர்டின் தலைவராக இருந்த ஆலன் முலாலி.

தொழிலறிவு, உழைப்பு இதிலெல்லாம் இருவரும் சளைத்தவர்கள் இல்லை. விண்டர்கார்ன் கண்டிப்புக்கும் நுணுக்கத்துக்கும் பெயர் போனவர். 2011-ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் ஹூண்டாய் காருக்குள் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கை ஏற்றி இறக்கி, இதில் சத்தமே வரவில்லையே என்று தன் ஆட்களைக் கேட்ட காணொளி பிரபலம். 2014-ல் குழுமம் ஒரு கோடி வண்டிகளுக்கு மேல் விற்றது. மறு வருடமே, சோதனையில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள் சுமார் 1.1 கோடி டீசல் கார்களில் இருப்பது வெளிவந்தது. அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது கோர்ட் விஷயம். ஆனால் 'முடியாது' என்று மேலே சொல்லப் பயந்த இடம் அது என்று பலர் எழுதிவிட்டார்கள்.

முலாலி 2006-ல் போயிங்கிலிருந்து ஃபோர்டுக்கு வந்தார். அந்த வருட நஷ்டம் மட்டும் 1,200 கோடி டாலருக்கு மேல். வாராவாரம் வியாழக்கிழமை மீட்டிங்கில் ஒவ்வொரு வேலைக்கும் நிறம் காட்டச் சொன்னார்: சரியாகப் போனால் பச்சை, கவனம் தேவை என்றால் மஞ்சள், சிக்கல் என்றால் சிவப்பு. எல்லோரும் பச்சையே காட்டினார்கள். இவ்வளவு நஷ்டத்தில் எதுவுமே கோளாறு இல்லையா என்று கேட்டார். அப்புறம் ஒருநாள் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி, எட்ஜ் காரின் பின்கதவுப் பக்கம் சிக்கல் என்று சிவப்பு காட்டினார். அறையே உறைந்தது. முலாலி கைதட்டினார், யார் உதவலாம் என்று கேட்டார். அடுத்த வாரங்களில் மற்றவர்களின் அட்டவணைகளிலும் மஞ்சளும் சிவப்பும் வர ஆரம்பித்தன. 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவாலானபோது ஃபோர்டு தப்பியது. அதற்கு 2006-லேயே சொத்துகளை அடகு வைத்து வாங்கிய பெருங்கடனும் ஒரு காரணம், அதையும் சொல்ல வேண்டும்.

நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கெட்ட செய்தி மேலே போக எவ்வளவு நேரம் ஆகிறது? பழைய இடத்தில் ஒருமுறை காஸ்டிங்கில், அதாவது உலோக வார்ப்பில், ப்ளோ ஹோல் எனும் காற்றோட்டை வந்தது. திட்டு விழும் என்று சூப்பர்வைசர் மூன்று நாள் மறைத்தார். அதற்குள் அந்த லாட், அதாவது அந்தத் தொகுதிச் சரக்கு, வாடிக்கையாளரின் உற்பத்தி லைனுக்கே போய்விட்டது. திருப்பி எடுத்துப் பிரித்துப் பார்த்த செலவு, அந்த மாத லாபத்தையே தின்றது. அந்த சூப்பர்வைசர் நல்ல வேலைக்காரர். பயம்தான் அவர் வாயை அடைத்தது.

இப்போதைய முதலாளி அடித்துப் பேச மாட்டார், முடிவெடுக்கவும் கொஞ்சம் தாமதம்தான். ஆர்டர் வறண்ட காலத்தில் அவர் எப்படி இருப்பார் என்பதை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒருவர் குணம் ஒரு கம்பெனியை எத்தனை காலம் தாங்கும் என்பதும் எனக்குத் தெளிவில்லை. முலாலி போய் ஏழு வருடம் கழித்து, 2021-ல், இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தபோது மறைமலை நகரில் எத்தனை பேர் தவித்தார்கள்.

போன வாரம் ஷிஃப்ட் தொடங்கியதும் ஒரு லாட்டை நிறுத்தினோம். அரை மணி நேரத்தில் இப்போதைய முதலாளி லைனில் நின்றுகொண்டு, என்ன வேண்டும் என்று ஆபரேட்டரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.