கணினி திடீர் திடீரென நின்றுபோனால்: குன்னூர் பெட்ஃபோர்டு பழுதுநீக்கும் கடை

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே நின்றுபோகிற கணினியைக் கடையில் கொடுத்தால், பல இடங்களில் முதலில் கிடைக்கும் பதில் "ஃபார்மட் போட்டுவிடலாம்" என்பதுதான். குன்னூர் பெட்ஃபோர்டில் உள்ள இந்தக் கடையில் அந்தப் பேச்சே எழவில்லை. கோளாறு எங்கே என்று உறுதியாகத் தெரியும்வரை எதையும் மாற்றுவதில்லை என்ற இவர்களுடைய பிடிவாதத்துக்காகவே நீலகிரியில் இருப்பவர்களுக்கு இந்தக் கடையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

கோத்தகிரியில் சிறு தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் கணக்கு எழுதுகிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து என் கணினி சில நேரம் நீலத்திரை (விண்டோஸ் பிழையோடு நின்றுபோகும்போது வரும் நீலநிறத் திரை) காட்டியும், சில நேரம் எதுவும் காட்டாமல் பொட்டென்று அணைந்தும் போய்க்கொண்டிருந்தது. முதலில் காட்டிய வேறொரு கடையில் விண்டோஸைப் புதிதாக ஏற்றிக் கொடுத்துப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். கோளாறு அப்படியே இருந்தது.

மூடுபனியில் ஜீப்பில் வந்து இறங்கிய பெட்டியை இங்கே உடனே இயக்கவில்லை. குளிர்ந்த பெட்டி கதகதப்பான அறைக்குள் வந்ததும் உள்ளே ஈரம் படியக்கூடும் என்பதால் சிறிது நேரம் அப்படியே வைத்திருந்தார்கள். அதற்குள் அங்கிருந்த தம்பி கேள்விகளைக் கேட்டு முடித்தார்: நிற்கும்போது நீலத்திரை வருகிறதா, டேலி கணக்கு மென்பொருளில் வேலை செய்யும்போதா அல்லது சும்மா இருக்கும்போதா, வீட்டு விளக்கு மங்கும் நேரத்திலா, சமீபத்தில் புதிதாக ஏதாவது பொருத்தினீர்களா.

பிறகு என் கண்முன்னே, கணினியில் நடந்தவற்றை விண்டோஸ் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தார். கெர்னல்-பவர் 41 என்ற பதிவு வரிசையாக இருந்தது. அந்த எண்ணைப் பார்த்ததுமே கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. உண்மையில், கணினி முறையாக மூடப்படாமல் மறுபடி தொடங்கியது என்பதை மட்டுமே அந்தப் பதிவு சொல்கிறது; ஏன் என்பதைச் சொல்வதில்லை. அதன் உள்ளே இருக்கும் பக்செக் என்ற பிழைக் குறியீடு சுழியமாக இருந்தால், விண்டோஸ் எதையும் குறித்துக்கொள்ள அவகாசமில்லாமல் மின்சாரம் அறுபட்டிருக்கலாம் அல்லது கணினி எதற்கும் அசையாமல் உறைந்து நின்றிருக்கலாம். எண் ஏதாவது இருந்தால் நீலத்திரை வந்து நின்றிருக்கிறது என்று பொருள். என் கணினியில் இரண்டும் கலந்து கிடந்தன. "ஒரே கம்ப்ளெய்ண்ட் மாதிரி தெரியலக்கா, ரெண்டு இருக்கு. தனித்தனியாத்தான் பாக்கணும்" என்றார். மற்றவர்கள் தவறவிட்ட இடம் இதுதான்.

நீலத்திரையின்போது சேமிக்கப்படும் மினிடம்ப் கோப்புகளில் ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு குறியீடு இருந்தது. ஒரே டிரைவரின் (வன்பொருளை இயக்க உதவும் மென்பொருள்) பெயர் திரும்பத் திரும்ப வந்தால் மென்பொருளைச் சந்தேகிக்கலாம், இப்படி மாறிக்கொண்டே இருந்தால் தற்காலிக நினைவகமான ரேமைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று விளக்கினார். கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில், ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை நிறுத்திவிட்டு, பென் டிரைவிலிருந்து ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிட்டார்கள், பிழைகள் வந்தன. கழற்றிக் காட்டிய ரேமின் பொன்னிற முனைகளில் மங்கலான கறை படிந்திருந்தது. அழிரப்பரால் தேய்த்தால் பூச்சே உரிந்துவிடும் என்று ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தார்கள். பிறகு இரண்டு ரேம்களையும் ஒவ்வொன்றாக ஒரே ஸ்லாட்டில் போட்டுச் சோதித்தார்கள். ஒன்று தேறியது, மற்றது ஸ்லாட்டை மாற்றியும் பிழை காட்டியது. ஆக மதர்போர்டில் குறையில்லை, அந்த ஒரு ரேம்தான் பழுது. பல நிறுவனங்கள் ரேமுக்கு நீண்ட கால வாரண்டி தருகின்றன என்று சொல்லி, பழைய ரசீதைத் தேடச் சொன்னதும் இவர்களேதான். விற்பனையை இழக்கும் அந்த ஆலோசனையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

நேரே அணைந்துபோனதற்குக் காரணம் எஸ்எம்பிஎஸ். சும்மா இருக்கும்போது சரியாக இருந்த 12 வோல்ட் இணைப்பு, வேலைப்பளு ஏறியதும் அனுமதிக்கப்பட்ட 5 சதவீத வரம்பைத் தாண்டி 11.4க்குக் கீழே இறங்கியதை மீட்டரில் காட்டினார்கள். அதோடு நிறுத்தாமல், நல்ல நிலையிலுள்ள வேறொன்றை மாட்டி ஓடவிட்டு, அணையவில்லை என்று உறுதி செய்த பிறகே புதியது வாங்கச் சொன்னார்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்கம்பி அறுவதும் மின்னழுத்தம் ஏறி இறங்குவதும் இங்கே வழக்கம் என்பதால் யூபிஎஸ்ஸும் அவசியம் என்றார்கள், அதையும் ஏற்றுக்கொண்டேன்.

குறைகளும் உண்டு. பாகங்கள் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டியிருந்ததால் காத்திருக்க நேர்ந்தது. எப்போது முடியும் என்று அவர்களாக அழைத்துச் சொல்வதில்லை. நாம்தான் கேட்க வேண்டும். ரசீதில் சோதனைக் கட்டணத்தையும் பாகங்களின் விலையையும் சேர்த்து ஒரே தொகையாக எழுதிவிட்டார்கள். கேட்ட பிறகுதான் பிரித்து எழுதிக் கொடுத்தார்கள். இவ்வளவு நேர்மையாக வேலை செய்பவர்கள் இதையும் கேட்காமலே செய்யலாம்.

கோப்புகளை நகலெடுத்து வைப்பதும் இவர்களுடைய வேலையில் சேராது. ஜிஎஸ்டி படிவம் ஏற்ற வேண்டிய 20ஆம் தேதி நெருங்கும் நேரத்தில் கணினியைக் கொடுப்பவர்கள், கோப்புகள் இருக்கும் எஸ்எஸ்டியை மட்டும் கழற்றி வாங்கி வேறு கணினியில் கணக்குகளை நகலெடுத்துக்கொள்வது நல்லது. கேட்டால் உடனே கழற்றித் தருகிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை.